பாவாடைக் கவி

ஏறாவூரில் ஒரு ஆம்பிளை கிணற்றடியில் குந்தியிருந்து துணி துவைத்தால் அது செய்தி. பெண்சாதியின் பாவாடையைத் துவைத்தால் பெரிய செய்தி. நிஸ்தார் கட்டாரிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அந்தப் பெரிய செய்தியைத் தெருவேலிக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி செய்துவந்தார். தெரு பார்த்தது. பார்த்துவிட்டுப் போனது. சிரிக்க ஆசையில்லாமல் இல்லை. சிரிப்பதற்கு வாகாக ஒரு சொல் அகப்படவில்லை, அவ்வளவுதான். அந்தச் சொல்லைச் செய்து தெருவின் கையில் கொடுத்தவள் அவருடைய மச்சினி றுமைஸா.

றுமைஸா அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வாப்பா மௌத்தான பிறகு உம்மா குவைத்துக்குப் போய், யாரோ ஒருத்தியின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தன் பிள்ளையை வந்தாறுமூலைக் கெம்பஸில் படிக்க வைத்தாள். ஊரில் அவளுடைய ராத்தா, மூத்தவள் றபீக்கா, முன்னறையில் தையல் மெஷின் போட்டு அபாயா தைத்தாள். வீடு அவளுடையது. கலியாணத்துக்கு உம்மா எழுதிக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வான். அப்படி வந்து சேர்ந்த மாப்பிள்ளைகள் பொதுவாகக் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி கேட்பார்கள். நிஸ்தார் கேட்கவில்லை. கட்டாரில் ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் முறைவைத்துச் சமைத்து, அவனவன் உடுப்பை அவனவன் துவைத்த வாழ்க்கை அவருடையது. “கை பழகிட்டுது. சும்மா வெச்சிரிந்தா அரிக்கிது” என்று சொல்லிக் குசினியையும் கிணற்றடியையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். றுமைஸாவின் பரீட்சைக் காலங்களில் சோற்றுப் பொதி கட்டி, அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கெம்பஸ் வாசலில் இறக்கிவிட்டு, “எழுதிக் கிழிச்சிட்டு வா, புள்ள” என்பார்.

அவளுடைய கவிக்கும் முதல் ரசிகர் அவர்தான். நாலே வரியில் ஒருவரைத் தூக்கவோ கவிழ்க்கவோ செய்யும் கவி அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வாயில் வந்தது. கெம்பஸில் அதைப் பற்றிப் பெரிய பெரிய சொற்களில் கட்டுரை எழுதினாள். வீட்டில் மீன் அரியும் மச்சானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து புதிதாக வந்ததைச் சொல்லிக்காட்டினாள். நல்லதென்றால் அவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். நல்லதில்லையென்றால் மீனை மட்டும் பார்ப்பார்.

அவர்களுடைய சொந்தத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணைப் பேசி முடிக்கும் நாளில், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்ததும், பெண் வீட்டுக்காரிகள் தங்கள் குடும்பத்துக்குக் கடைசியாக வந்த மருமகனைக் கவியில் கிழிப்பார்கள். பழைய மாப்பிள்ளையைக் கிழித்துவிட்டுத்தான் புது மாப்பிள்ளையை உள்ளே எடுப்பது. ‘இந்த வீட்டில் உங்கள் பிள்ளைக்கு என்ன காத்திருக்கிறதென்று தெரிந்துகொள்ளுங்கள்’ என்று சொல்கிற விளையாட்டு. மாமி பரீனாவின் மகள் நிஸ்மியாவைப் பேசி முடித்த அன்று கடைசி மருமகன் நிஸ்தார். கவி சொல்லும் முறை றுமைஸாவுக்கு.

“மார்க்கத்தில பாட்டுக் கூடாதுகா” என்றாள் மாமி பரீனா. சொல்லிவிட்டு, கேட்பதற்கு வசதியாகப் பாயில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

றுமைஸா வேறு ஒன்றைத்தான் யோசித்து வைத்திருந்தாள். மச்சானின் குறட்டையைப் பற்றியது. அது பரவாயில்லாத கவி. ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்த அந்தக் கணத்தில், எங்கிருந்தோ இன்னொன்று முழுசாக வந்து நாக்கில் நின்றது. வந்ததைப் பிடித்து வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கட்டாரு போன மச்சான் – மணிக்
கட்டில தங்க மணிக்கூடு
எட்டிப் பாத்தேன் கிணத்தடியில் – ராத்தா
கட்டின பாவாடை பிழியிறாரு!

வீடு அதிர்ந்தது. ஒருத்தி பாயில் சரிந்தே விட்டாள். மாமி பரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கூடாதுதான்… இன்னொருக்காச் சொல்லு, புள்ள” என்றாள். இரண்டாம் முறை சொன்னபோது நிஸ்மியா போனில் பிடித்தாள். பிடித்ததைச் சொந்தக்காரர்களின் வட்சப் குழுவில் போட்டாள். அசர் தொழுகை முடிந்து ஆம்பிளைகள் பள்ளியை விட்டு வெளியே வரும்போது, முச்சந்தித் தேத்தண்ணிக் கடையில் அது ஓடிக்கொண்டிருந்தது.

நிஸ்தார் அன்று பின்னேரம் சிரித்துக்கொண்டுதான் வந்தார். “எங்க, உன்ட வாயால ஒருக்காச் சொல்லு” என்று கேட்டு வாங்கி, கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார். “கட்டு கட்டெண்டு அடிச்சிக்கிட்டுப் போகுது. உன்ட கவியளுக்குள்ள இதுதான் முதலாவது.” றுமைஸாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பொடியன்கள் வேலியடியில் நின்று “எட்டிப் பாத்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்கள். கடையில் ஷிஹான் என்றொருவன் இருந்தான். நிஸ்தாருடன் கட்டாரில் இருந்துவிட்டு வந்தவன். அங்கே தான் சூப்பர்வைசர் என்று கதைக்கிறவன். அவன் நிஸ்தாரைக் கண்டதும் எழுந்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, “மணிக்கூடு நனையல்லயா மச்சான்?” என்று அக்கறையாக விசாரித்தான். கடை சிரித்தது. மறுநாளும் அதையே கேட்டான். மறுநாளும் கடை சிரித்தது.

நிஸ்தார் துணியைக் குளியலறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்தித் துவைத்தார். பிறகு அதையும் விட்டார். ஒருநாள் அவர் கதிரையில் சாய்ந்து, “தேத்தண்ணி இரிக்கா?” என்று கேட்டபோது, தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த றபீக்காவின் கால் அப்படியே நின்றது. கலியாணம் முடித்த இத்தனை காலத்தில் அவர் கேட்ட முதல் தேத்தண்ணி அது.

இரண்டு கிழமைக்குள் றபீக்கா மெலிந்துபோனாள். சமைத்து, துவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பெருநாளுக்குக் கொடுக்கவேண்டிய அபாயாக்களையும் தைத்தாள். றுமைஸா உதவிக்குப் போய்ச் சோற்றைக் கருக்கினாள். பெண்ணின் உழைப்பு கணக்கில் வருவதில்லை என்று மேடைகளில் அவள் கத்தியிருக்கிறாள். அந்த உழைப்பில் சோற்றுக்கு எத்தனை கொத்துத் தண்ணீர் என்பது அவளுக்குத் தெரியாது.

பிறகு ஒரு காலை, றபீக்கா அலுமாரியைக் குடைந்துவிட்டுப் பின்வாசலுக்கு வந்தாள்.

“அவர்ட பாஸ்போட் இல்ல. ஏஜென்சிக்காரன்ட குடுத்திட்டாராம். திரும்பக் கட்டாருக்குப் போறாராம்.”

“ஏன் ராத்தா?”

“ஏனா? கேக்கிறியா நீ? ‘அங்க கழுவினா வேலை, இஞ்ச கழுவினா வெக்கக்கேடு. வேலையெண்டு சொல்லுற இடத்திலேயே போய்க் கழுவுறன்’ எண்டு சொல்றார்.”

பிழை தன்மேல்தான் என்று றுமைஸாவுக்குத் தெரிந்தது. ஆனால் வாய் அவளுடைய வாய். “நான் பொய்யா சொன்னன்? துவைக்கிறார்தானே? அதில என்ன கேவலம்? சிரிக்கிறவனுகளுக்குத்தான் கேவலம். கவியெண்டா அப்படித்தான் ராத்தா. அதுக்குள்ள ஆரையும் நல்லவரு கெட்டவரெண்டு…”

“நிப்பாட்டுடி.” றபீக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம். “மேடையில ஏறினா, ஆம்புளயள் குசினிக்குள்ள வரோணும் எண்டு தொண்ட கிழியக் கத்துவாய். இந்தத் தெருவில வந்தது ஒரேயொரு ஆம்புள. அந்த ஒருத்தரையும் நீயே வெளிய தொரத்திட்டாய். நாலு பொம்புளயள் சிரிச்சதுக்காக.”

சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். மிதிக்கிற சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. றுமைஸாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நாலு பொம்பிளைகள் சிரித்ததற்காக இல்லை என்று தனக்குள் வாதாடிப் பார்த்தாள். அதற்காகத்தான். அவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்த கணத்தில் மச்சான் மச்சானாக இருக்கவில்லை. கவிக்கு வாகான ஒரு ஆளாக மட்டும் தெரிந்தார்.

கவியால் வந்ததைக் கவியாலேயே தீர்ப்பது என்று முடிவு செய்தாள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒன்றைச் செய்தாள்.

நற்குணம் கொண்ட நல்ல மச்சான்
நாளும் உதவிடும் வல்ல மச்சான்
பொற்குணம் தன்னைப் போற்றிடுவோம் – அவர்
புகழை என்றும் சாற்றிடுவோம்!

குரலில் பதிந்து குழுவில் போட்டாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படங்கள் சில வந்தன. ஒருத்தி பூச்செண்டு அனுப்பினாள். மாமி பரீனா ‘மாஷா அல்லாஹ், நல்ல கருத்து’ என்று எழுதினாள். ஒருவரும் அதை இன்னொருவருக்கு அனுப்பவில்லை. முதல் கவிக்குக் கூடாதென்று சொல்லி இரண்டு முறை கேட்ட மாமி, இந்த நல்ல கருத்தை ஒரு முறைகூட முழுசாகக் கேட்டிருக்கமாட்டாள்.

“பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில பாடலாம்” என்றாள் றபீக்கா. பல நாளுக்குப் பிறகு அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. “அதுவும் பெரியாக்கள் வாறதுக்கு முதல், மைக் வேலை செய்யுதா எண்டு பாக்க.”

அன்று பின்னேரம் றுமைஸா மச்சானைத் தேடிப் போனாள். அவர் வளவின் பின்பக்கம், வாவிக் காற்று வருகிற மாமர நிழலில் சும்மா இருந்தார். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. அந்தக் கைகள் அப்படிச் சும்மா கிடந்து அவள் பார்த்ததில்லை.

“மச்சான், ரெண்டாவதக் கேட்டீங்களா?”

“கேட்டன்.” அவர் எதிரே போன கோழியை மட்டும் பார்த்தார்.

“என்னோட கோவமா?”

“உன்னோட என்ன கோவம்? நல்ல கவி அது. அதுதான் கரச்சல். கெட்ட கவியா இருந்திரிந்தா ரெண்டு நாளில மறந்திருப்பானுகள்.” பிறகு குரல் மாறியது. “அந்த ஷிஹானச் சொல்லு. சூப்பர்வைசராம். அங்க அவன் என்ன வேலை செஞ்சவன் தெரியுமா உனக்கு? நாலு மாடிக் கட்டடத்தில கக்கூஸ் கழுவினவன். நான் கண்ணால கண்டிரிக்கன். இஞ்ச வந்து என்ட கையப் புடிச்சி மணிக்கூடு பாக்கான்!”

அவர் சொல்லி முடிக்கவில்லை, றுமைஸாவுக்கு வந்துவிட்டது. நாலு வரியும். சூப்பர்வைசர், கக்கூஸ் தேய்க்கிற தும்புத்தடி, மாடிப்படி என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்து நின்றன. பாவாடைக் கவியை விட ஒரு படி மேல். சத்தமாகச் சொன்னாள்.

நிஸ்தார் தொடையில் அடித்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. “அனுப்பு! இப்பவே போடு குழுவில! நாளைக்குக் கடையில அவன்ட மூஞ்சிய நான் பாக்கோணும்!”

றுமைஸா போனை எடுத்தாள். எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ கவிக்கு அவர் சிரித்துப் பார்த்திருக்கிறாள். இந்தச் சிரிப்பை இவரிடம் கண்டதில்லை. வேறு எங்கே கண்டாள் என்று யோசிக்கவும் தேவைப்படவில்லை. முச்சந்தியில் கண்டிருக்கிறாள்.

“மச்சான், அவன்ட பொண்டாட்டிக்கு இது தெரியுமா? கக்கூஸ் கத.”

“தெரியா. ஆருக்கும் தெரியா. அதாலதான் சொல்றன்.”

அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

“ஏன்?”

“ஏலா மச்சான்.”

நிஸ்தாரின் சிரிப்பு இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியது. “ஓம். அவனப் பத்தியெண்டா ஏலா. என்னயப் பத்தியெண்டா மட்டும் ஏலும், என்ன?”

அதற்குப் பதில் றுமைஸாவின் பட்டத்தில் இல்லை. கெம்பஸில் எழுதிய கட்டுரையில் ‘அங்கதம்’ என்ற தலைப்பின் கீழே ஏழு பக்கம் இருந்தது, அங்கேயும் இல்லை.

நிஸ்மியாவுக்கு மருதோண்டி போடுகிற நாள் வந்தது. கையில் கூம்பு வைத்துக் கோலம் போடுகிறவளைச் சுற்றி இரு வீட்டுப் பெண்களும் நெருங்கியிருந்தார்கள். கொழும்புக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லி ஏஜென்சிக்காரன் அன்று காலையில்தான் நிஸ்தாருக்கு அழைத்திருந்தான். றபீக்கா ஒரு மூலையில் சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். பேசி முடிக்கும் நாளில் பழைய மாப்பிள்ளை என்றால், மருதோண்டி நாளில் வழக்கப்படி புது மாப்பிள்ளை அக்ரமைக் கிழிக்கவேண்டும். அவன் காதைப் பற்றி ஏதாவது வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெரிய காது.

“றுமைஸா, எங்கட பிள்ளய விட்டிராத கா. நல்லாக் குடு!” என்றாள் மாப்பிள்ளையின் ராத்தாவே.

“அவருக்கு இன்னும் நாள் கிடக்கு. இண்டைக்கு வேற ஆள்.” றுமைஸா நிஸ்மியாவின் போனை எடுத்துத் தானே பதிவை அமுக்கி, தனக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தாள். முதல் வரியைத் தொடங்கக் கூச்சமாக இருந்தது. ஆயிரம் பேருக்கு முன்னால் மேடையில் பேசியவளுக்கு.

பட்டம் எடுத்த புள்ள – ஆம்புளைக்குச்
சட்டம் படிக்கிற சண்டைப் புள்ள
முட்டையும் அவிக்கத் தெரியாது – மச்சான்
சட்டை துவைச்சாத்தான் கெம்பஸ் போவா!

முதலில் மூலையிலிருந்து றபீக்கா வெடித்தாள். தலையைச் சாய்த்திருந்த அதே சுவரில் கையால் அடித்து, மூச்சு வாங்கி, “வல்லாஹி உண்மை! நாலு வருஷமும்! கொலர் அழுக்கு போகல்லயெண்டு அவரோட சண்டையும் பிடிப்பாள்!” என்று கத்தினாள். அதற்குப் பிறகு வீட்டைப் பிடிக்க முடியவில்லை. கோலம் போடுகிறவளின் கை ஆடி, நிஸ்மியாவின் உள்ளங்கையில் மயிலுக்கு மூன்று கால் வந்தது.

“நாலு வருஷமும் மச்சானா துவைச்ச?” என்று யாரோ கேட்டாள்.

“ஓம். உள்ளுடுப்பு தவிர” என்றாள் றுமைஸா. மீண்டும் சிரிப்பு. சிரிப்பு அவள்மேல் விழுந்தபோது அது எவ்வளவு கனம் என்று அவளுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. இவ்வளவு நாளும் இதைத்தான் மற்றவர்களின் தலையில் தூக்கி வைத்துவிட்டு, கைதட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“அந்த நிஸ்தாரப் போல ஒருத்தர் எனக்குக் கிடைச்சிரிந்தா நானும் பட்டம் எடுத்திரிப்பன்” என்றாள் மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி. சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். ஆனால் சில பெண்கள் சிரிக்காமல் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். நிஸ்மியா மருதோண்டிக் கையை நீட்டியபடியே, “ராத்தா, அக்ரமுக்குத் துவைக்கத் தெரியுமா எண்டு கேட்டுச் சொல்லுங்க” என்றாள் மாப்பிள்ளையின் ராத்தாவிடம். சிரித்துக்கொண்டு கேட்டாலும், பதிலுக்காக அவள் காத்திருந்தாள்.

கவி மஃரிப் தொழுகைக்கு முன்னமே முச்சந்திக்குப் போய்ச் சேர்ந்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதென்று இல்லை. பொடியன்கள் இப்போது இரண்டு கவியையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பாடினார்கள். வெளியே விட்ட கவியைத் திருப்பி வாய்க்குள் போட முடியாது. ஆனால் “மணிக்கூடு நனையல்லயா?” என்று கடையில் ஷிஹான் கேட்டபோது, நிஸ்தாரிடம் சொல்வதற்கு ஒரு பதில் இருந்தது. “ஒரு பட்டதாரியத் துவைச்சி எடுத்த கை இது. நீ என்னத்தத் துவைச்ச?” கடை சிரித்தது. இந்த முறை நிஸ்தாரும் சேர்ந்து சிரித்தார். கட்டாரில் ஷிஹான் கழுவியதைப் பற்றி ஒரு சொல் அவர் சொல்லவில்லை. இதை அவரே வீட்டில் வந்து, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு சொன்னார். றுமைஸா கேட்கும்படியாக, ஆனால் றபீக்காவிடம்.

அடுத்த நாள் வெள்ளனவே அவர் கிணற்றடிக்கு வந்தபோது, றுமைஸா ஒரு வாளியோடு அங்கே குந்தியிருந்தாள். சவுக்காரத்தை அரைக்கட்டி கரைத்து, நுரைக்குள் முழங்கை வரை மறைந்திருந்தாள்.

“என்ன புள்ள, வாவியையே வெளுக்கப் போறியா?” அவர் பக்கத்தில் குந்தினார். “கொலர முதல்ல தேய். இப்புடி. கல்லில அடிக்காத, பொத்தான் போயிரும்.”

“நீங்க உங்கடய செய்ங்க மச்சான். நான் என்டய செய்றன்.”

“அப்ப ராத்தாட?”

“அது உங்கட ரெண்டு பேர்ட பிரச்சின.”

முன்னறையிலிருந்து மெஷின் சத்தம் நின்று, றபீக்காவின் குரல் வந்தது. “இஞ்சருங்க, அந்த ஏஜென்சிக்காரனிட்ட உங்கட பாஸ்போட்டத் திரும்ப வாங்கப் போறீங்களா, இல்லாட்டி நான் போய்க் கேக்கவா?”

“இது காயட்டும், போறன்!” என்று அவர் திருப்பிக் கத்தினார். றுமைஸா தலையைக் குனிந்து கொலரைத் தேய்த்தாள். நுரை கண்ணில் பட்டதென்று சொல்லலாம். அவர் ஒரு வாளி நல்ல தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் மெதுவாகியது. ஷிஹான். ஒரு காலை ஊன்றி நின்று, இருவரையும் பார்த்து, ராகம் பிடித்து இழுத்தான்.

“முட்டையும் அவிக்கத் தெரியாதா…ம்!”

றுமைஸாவின் கை நின்றது. சூப்பர்வைசரும் தும்புத்தடியும் மாடிப்படியும் தொண்டைக்கு வந்துவிட்டன. ஒரு சொல்லும் குறையாமல் நாலு வரியும் அப்படியே இருந்தன. இத்தனை நல்ல கவியை அவள் தன் வாழ்நாளில் செய்ததில்லை.

நிஸ்தார் துணியைப் பிழிவதை விட்டுவிட்டு, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார்.

“வருதா?” என்றார் மெதுவாக.

“வருது மச்சான்.”

“மூணாவது வரிதான் அதில ஆக நல்லம்.”

“தெரியும் மச்சான். வாய மூடுங்க.”

அவள் நிமிர்ந்து, நுரைக் கையை வேலிக்கு மேலே தூக்கி ஆட்டினாள். “ஓம் கா, ஷிஹான் நானா! முட்ட எத்தின நிமிஷம் கொதிக்கோணும்? தெரிஞ்சாச் சொல்லித் தாங்க!”

ஷிஹான் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறி, பெடலைத் தேடி, “ஏழு… எட்டு…” என்றான். பிறகு, போகிற போக்கில், அவனையறியாமல் இன்னும் கொஞ்சம் சொன்னான். “தண்ணி கொதிச்ச பொறகு போடு, புள்ள. ஒரு சிட்டிக உப்பும் போடு, வெடிக்காது.”

சைக்கிள் முடக்கில் திரும்பியது. கட்டார் அறையில் எத்தனை பேருக்கு எத்தனை முட்டை அவித்தானோ. நிஸ்தார் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றுக்கட்டில் சாய்ந்தார். றுமைஸா சட்டையை எடுத்து, தன்னால் முடிந்த மட்டும் பிழிந்தாள். பாதித் தண்ணீர் உள்ளேயே இருந்தது.